இறால் ஓடு, நண்டு ஓடு: கைட்டோசான் எடுக்க எந்த வழி?

இறாலும் நண்டும் சிங்கி இறாலும் பதப்படுத்தும் இடங்களில் சதையை எடுத்த பிறகு தலையும் ஓடும் மிஞ்சுகின்றன. உலகம் முழுக்க இப்படி ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் வரை சேர்வதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பகுதி குழியில் கொட்டப்படுகிறது, இல்லையென்றால் கடலுக்கே திரும்பிப் போகிறது. அந்தக் குவியலுக்குள் கைட்டின் என்ற உயிரி பாலிமர், அதாவது சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறு, இருக்கிறது. செல்லுலோஸுக்கு அடுத்து இயற்கையில் அதிகம் கிடைக்கும் பாலிசாக்கரைடு (சர்க்கரை அலகுகளால் ஆன பாலிமர்) அதுதான். அதன் மூலக்கூறிலிருந்து அசிட்டைல் பகுதியைக் கழற்றிவிட்டால் கைட்டோசான். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கவும், காயத்தில் ரத்தத்தை நிறுத்தவும், பயிரின் நோய் எதிர்ப்பைத் தூண்டவும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அமிலமும் காஸ்டிக் சோடா என்ற காரமும் போட்டு எடுக்கலாமா, நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைக்கலாமா?" என்றுதான். முதலாவது அழுக்கு வழி, இரண்டாவது சுத்தமான வழி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சட்டென்று பிரித்துவிட முடியவில்லை. கையில் இருப்பது எந்த ஓடு, தண்ணீரோடு வெளியேறும் பொருளை என்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பாலிமரை எந்த வழியிலும் எடுத்துவிடலாம். அதோடு சேர்ந்து வருகிறவைதான் தொழிலை நிலைநிறுத்தும் அல்லது கவிழ்க்கும்.

உலர்ந்த ஓட்டில் பொதுவாகப் புரதம் 20 முதல் 40 சதவீதம், கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) 20 முதல் 50 சதவீதம், கைட்டின் 15 முதல் 40 சதவீதம் இருக்கும். இறால் ஓடு மெலிது. புரதம் கூடுதல், சுண்ணாம்புச் சத்து குறைவு. நண்டு ஓடு தடிமன், சுண்ணாம்புதான் அதிகம். ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியும் கொஞ்சம் உண்டு. கைட்டின் எடுப்பது என்றால் சுண்ணாம்பையும் புரதத்தையும் நிறமியையும் ஒவ்வொன்றாக விலக்குவது, அவ்வளவுதான். எல்லா வழிகளும் இந்த வேலையைத்தான் வெவ்வேறு கருவிகளால் செய்கின்றன.

முதல் சில மணி நேரம்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. ஓடு கெட்டுப்போகும் வேகம். உரித்த இறால் தலையில் செரிமான உறுப்பு அப்படியே இருக்கும். அதன் நொதிகள் (என்சைம்கள்) உடனே புரதத்தைக் கரைக்கத் தொடங்கிவிடும். வெப்பமான இடத்தில் அரை நாள் கிடந்தாலே அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அந்த நிலையில் வரும் ஓட்டிலிருந்தும் கைட்டின் எடுக்கலாம். ஆனால் புரதம் தீவனத்துக்கு ஆகாது, நிறமி போயிருக்கும், கழிவுநீரின் சுமையும் ஏறியிருக்கும். நாற்றத்தைப் பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் தொழிலையே நிறுத்தச் சொல்வார்கள்.

ஆகவே உரித்த இடத்திலேயே ஏதாவது செய்தாக வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தலாம், குளிரில் வைக்கலாம், இல்லை நேராக அமிலத்திலோ புளிக்க வைக்கும் நொதித்தல் தொட்டியிலோ போட்டுவிடலாம். நொதித்தலின் மிகப் பெரிய அனுகூலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்கியதும் அழுகல் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். பிரித்தெடுக்கும் வேலையும் கெடாமல் காக்கும் வேலையும் ஒரே தொட்டியில் நடக்கின்றன.

அமிலமும் காஸ்டிக்கும்

இன்று சந்தையில் கிடைக்கும் கைட்டோசானில் பெரும்பங்கு இந்த வழியில் வந்ததுதான். ஓட்டை நொறுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து கால்சியம் குளோரைடாகும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பிறகு சில சதவீத வலிமையுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் புரதம் கரைந்துவிடும். தேவைப்பட்டால் வெளுக்கலாம். மிஞ்சுவது கைட்டின்.

ஒரு கிலோ உலர்ந்த இறால் ஓட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 300 கிராம் கால்சியம் கார்பனேட் என்று வைத்தால், அதைக் கரைக்க 219 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு தேவை. கடையில் வாங்கும் அடர் அமிலத்தில் ஏறக்குறைய அரை லிட்டர். வெளியேறும் வாயு 132 கிராம், அதாவது 70 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அத்தனை வாயுவும் புரதம் நிறைந்த திரவத்துக்குள் இருந்து கிளம்புவதால் நுரை கெட்டியாகப் பொங்கும். அமிலத்தை மொத்தமாக ஊற்றினால் தொட்டியில் பாதி தரையில் கிடக்கும். தொட்டியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, நுரை அமர்ந்த பிறகு அடுத்த பங்கை விட வேண்டும். ஓடு மெல்ல இளகி, விரலால் மடக்கினால் முறியாமல் வளையும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். ஒரு துண்டை எடுத்துப் புது அமிலத்தில் போட்டுக் குமிழி வரவில்லை என்றால் சுண்ணாம்பு போய்விட்டது என்று பொருள்.

இந்தக் கட்டத்தில் சூடாக்கக் கூடாது. சூடான அமிலம் சுண்ணாம்போடு நிற்காமல் கைட்டின் சங்கிலியையும் வெட்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பிசுபிசுப்பு இல்லாத கைட்டோசானைப் பெறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஹைப்போகுளோரைட்டால் வெளுப்பதும் இதே சேதத்தைச் செய்யும். வெள்ளை வெளேரென்ற தூள் பார்க்க நன்றாக இருக்கும், அதன் மூலக்கூறு எடை குறைந்திருக்கும். நீர் சுத்திகரிப்புக்கோ பயிருக்கோ போகிற பொருளுக்கு லேசான இளஞ்சிவப்பு ஒரு குறையே இல்லை, வெளுக்காமல் விட்டுவிடலாம்.

இந்த வழியின் பலம் வேகமும் நிச்சயமும். ஒரு நாளில் முடிந்துவிடும், சாம்பல் அளவை (எரித்தால் மிஞ்சும் கனிமப் பங்கை) ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முடியும், நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றுபோல இருக்கும். பலவீனம் தண்ணீர். ஒரு கிலோ கைட்டோசானுக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் போகிறது என்கிறார்கள். பழைய அமிலத்தையும் பழைய காஸ்டிக்கையும் ஒன்றாகக் கலந்து நடுநிலையாக்குவது வழக்கம். அப்போது அமிலம் போய் உப்பு வரும். உப்பும் புரதமும் நிறைந்த அந்த நீரைச் சாதாரண நுண்ணுயிர் சுத்திகரிப்புத் தொட்டியில் விட்டால் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் திணறும்.

ஒரு சின்ன மாற்றம் இதைக் கொஞ்சம் சரிசெய்யும். ஓடு புதிதாக இருந்தால் அமிலத்துக்கு முன்பே மென்மையான காஸ்டிக்கில் புரதத்தை எடுத்துவிடுங்கள். அந்தத் திரவத்தின் பி.எச்சை 4 முதல் 4.5 வரை இறக்கினால் கரைந்திருந்த புரதத்தில் பெரும்பகுதி திரிந்து அடியில் படியும். வடிகட்டி உலர்த்தித் தீவனத்துக்குத் தரலாம். தயாரிப்பின் வரிசையை மாற்றுவதற்குக் கூடுதல் செலவு இல்லை, கழிவுநீரின் சுமை குறையும்.

புளிக்க வைப்பது

லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவையும் சர்க்கரை மூலம் ஒன்றையும் ஓட்டோடு கலந்து சில நாட்கள் விட்டால், பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து சுண்ணாம்பைக் கால்சியம் லாக்டேட்டாகக் கரைக்கும். ஓட்டில் ஏற்கெனவே இருக்கும் நொதிகளும் பாக்டீரியாவின் நொதிகளும் புரதத்தை உடைக்கும். மிஞ்சும் திரவத்தில் அமினோ அமிலங்களும் சிறு புரதத் துண்டுகளும் நிறமியும் கெடாமல் இருக்கும். காஸ்டிக்கில் வெந்த புரதத்தை விட இது எவ்வளவோ மேல். கால்நடைத் தீவனம், மீன் தீவனம், உரம் என்று பல பக்கம் போகும்.

இவ்வளவு நல்ல விஷயம் ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை? சர்க்கரைக் கணக்குதான் காரணம். நூறு கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 180 கிராம் லாக்டிக் அமிலம் வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அதிகபட்சம் இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் கிடைக்கும். எடையில் பார்த்தால் 180-க்கு 180. ஆக, சுண்ணாம்பின் எடையைப் போல 1.8 மடங்கு சர்க்கரை. மேலே சொன்ன ஒரு கிலோ இறால் ஓட்டுக்கு 540 கிராம் சர்க்கரை. எதுவும் வீணாகாமல் எல்லாம் லாக்டிக் அமிலமாகவே மாறினால்கூட இந்தக் கணக்கு. சுண்ணாம்பு 50 சதவீதம் உள்ள நண்டு ஓட்டுக்கு 900 கிராம், அதாவது ஓட்டின் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான சர்க்கரை.

நண்டு ஓட்டை நொதித்தலால் மட்டுமே சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகோ, பாலாடைக்கட்டித் தயாரிப்பில் மிஞ்சும் மோர்த்தண்ணீரோ, மாவுக் கழிவோ பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தால் ஒழிய அது கட்டுப்படியாகாது. இறால் ஓட்டுக்கு நிலைமை வேறு. சுண்ணாம்பு குறைவு, புரதம் அதிகம், அந்தப் புரதத்துக்கு விலை உண்டு.

இன்னொரு குறை, நொதித்தல் முழுமையாக முடிவதில்லை. ஓட்டுத் துண்டுகளின் உட்பகுதியில் புரதமும் சுண்ணாம்பும் கொஞ்சம் தங்கிவிடும். தொட்டிக்குத் தொட்டி முடிவும் மாறும். தொடக்கத்தில் பி.எச் வேகமாக இறங்காவிட்டால் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து முழுத் தொட்டியும் அழுகிவிடும். முதல் நாளில் பி.எச்சை அடிக்கடி பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காதீர்கள். தேவையானால் ஆரம்பத்தில் கொஞ்சம் அசிட்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ விட்டு பி.எச்சை இறக்கி வைக்கலாம்.

பாக்டீரியா இல்லாமல் கடையில் வாங்கிய புரதம் உடைக்கும் நொதியை மட்டும் பயன்படுத்துவதும் ஒரு வழி. பப்பெயின், ஆல்கலேஸ் போன்றவை. வேலை மென்மையாக நடக்கும், சங்கிலி உடையாது. ஆனால் சுண்ணாம்பை நொதி தொடாது, அதற்கு அமிலம் வேண்டும். நொதியின் விலையும் கூடுதல். திரவத்தில் வரும் புரதத்தை உயர்ந்த விலைக்கு விற்க வழி இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

ஆய்வகத்திலிருந்து வருகிறவை

2010-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸ் குழுவினர் ஒரு அயனித் திரவத்தில் (உருகிய நிலையிலேயே இருக்கும் உப்பு) இறால் ஓட்டிலிருந்த கைட்டினை நேரடியாகக் கரைத்து, நீண்ட சங்கிலி குலையாமல் எடுத்து, அதே கரைசலிலிருந்து நூலும் இழுத்துக் காட்டினார்கள். அமில, காஸ்டிக் வழியில் வரும் கைட்டினை அப்படி நூலாக இழுப்பது கடினம். ஆக, மருத்துவ இழை மாதிரியான விலை உயர்ந்த பொருளுக்கு இது பொருந்தும். கரைப்பானின் விலையும் அதைத் திரும்ப மீட்கும் செலவும்தான் மலைக்க வைக்கின்றன. கோலின் குளோரைடையும் மாலிக் அமிலம் போன்ற ஒன்றையும் கலந்து செய்யும் ஆழ்யூடெக்டிக் கரைப்பான்கள் (கலந்ததும் உருகுநிலை வெகுவாக இறங்கித் திரவமாகும் கலவைகள்) இன்னும் மலிவு. அங்கேயும் மீட்புக் கணக்கு இருக்கிறது.

இவற்றை விட எனக்கு அதிக நம்பிக்கை தருவது அரைக்கும் வழி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆட்ரி மூர்ஸின் குழு, கைட்டினைக் குண்டுகள் போட்டு அரைக்கும் ஆலையில் அரைத்துப் படிக அமைப்பைக் குலைத்து, திடக் காஸ்டிக்கோடு கலந்து ஈரப்பதமான காற்றில் சில நாட்கள் அப்படியே விட்டு, 2019-ல் கைட்டோசான் செய்து காட்டியது. கொதிக்கும் காஸ்டிக் தொட்டியே தேவையில்லை. பெரிய அளவில் நிலைபெற்றால் அடுத்து சொல்லப்போகும் சிக்கலை இது நேராகத் தொடும். இன்றைக்கு இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்குகிறவர் இதை நம்பி முதல் போட வேண்டாம், கவனித்துக்கொண்டே இருங்கள்.

கைட்டினோடு நிற்கலாமா, கைட்டோசான் வரை போகலாமா?

இதைப் பலர் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. கைட்டோசான் தானே இலக்கு என்று நேராகப் போய்விடுகிறார்கள். கைட்டின் வரை புளிக்க வைத்து எடுத்தாலும், கைட்டோசானாக்க இன்றைய தொழிற்சாலைகளில் அடர் காஸ்டிக்கைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 40 முதல் 50 சதவீதக் கரைசல், 80 முதல் 120 டிகிரி செல்சியஸ், பல மணி நேரம். இதே வேலையைச் செய்யும் நொதி இயற்கையில் உண்டு, ஆனால் இறுகிய படிகக் கைட்டினுக்குள் அதனால் நுழைய முடிவதில்லை. ஆகவே 'முழுக்க உயிரியல் முறைக் கைட்டோசான்' என்று ஒரு பொருள் வந்தால் கடைசிக் கட்டம் எப்படி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே காஸ்டிக் கணக்கு கண்ணைத் திறக்கும். 200 கிராம் கைட்டினைப் பத்து மடங்கு எடையுள்ள 50 சதவீதக் கரைசலில் போட்டால், தொட்டியில் ஒரு கிலோ காஸ்டிக் இருக்கும். அசிட்டைல் பகுதி முழுவதையும் கழற்ற வினையில் செலவாவது ஏறக்குறைய 40 கிராம்தான். மீதி 960 கிராம் அப்படியே இருக்கிறது. அதைக் கழுவி சாக்கடையில் விட்டு அமிலம் ஊற்றி நடுநிலையாக்குவது இரட்டை நஷ்டம். வடித்து, குறைந்ததை ஈடுகட்டி அடுத்த சுற்றுக்கும், கடைசியில் நீர்த்துப் புரதம் நீக்கவும் பயன்படுத்தும் அமைப்பு இருந்தால்தான் இந்தக் கட்டத்தைத் தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால், ரசாயன வழியா உயிரியல் வழியா என்ற விவாதத்தை விட இந்த ஒரு மறுபயன்பாட்டு ஏற்பாடு சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மை பெரிது.

எடையும் குறையும். சங்கிலியில் 203 மூலக்கூறு எடையுள்ள ஒவ்வொரு அலகும் 161 ஆகிவிடுவதால் 100 கிராம் கைட்டின் 79 கிராமுக்கு மேல் கைட்டோசான் தராது, அசிட்டைல் முழுவதும் போயிருந்தால். பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும்: காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் காஸ்டிக்குக்குச் சரி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பிளாஸ்டிக் தொட்டிதான்.

ஊசிக்கணவாயும் வெட்டும் இடமென்றால் அதன் உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான மெல்லிய தகட்டைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. அதன் கைட்டின் பீட்டா வகை, இறுக்கம் குறைவு, குறைந்த காஸ்டிக்கிலேயே கைட்டோசானாகும்.

வாங்குகிறவர் யார்?

நீர் சுத்திகரிப்புக்கு அசிட்டைல் நீக்கம் நல்ல அளவில் இருந்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைந்தால் போதும். பயிருக்குச் சங்கிலி குட்டையாக இருப்பதே பல சமயம் அனுகூலம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடைப் பயிர்ப் பாதுகாப்புக்கான 'அடிப்படைப் பொருள்' (பூச்சிமருந்தாக விற்கப்படாவிட்டாலும் பயிரைக் காக்க உதவும் பொருள்) என்ற பிரிவில் ஏற்றுக்கொண்டது. காயக்கட்டு வேறு உலகம். கைட்டோசானின் நேர்மின்னூட்டம் சிவப்பணுக்களை இழுத்துப் பிடித்து ரத்தப்போக்கை அடைக்கும்; 2000-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ராணுவம் அத்தகைய கட்டுகளைக் கொண்டுபோனது. ஆனால் அந்தச் சந்தை கேட்கும் உலோகம், எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு), புரதம் ஆகியவற்றின் எல்லைகளும் சான்றுகளும் ஓட்டைக் கொட்ட இடம் தேடுகிற ஆலையால் தொட முடியாதவை. அதிக விலை கிடைக்கிறதென்று அங்கிருந்து தொடங்குவது தவறான வரிசை.

உணவுத் துறையில் இன்னொரு போட்டியாளர் இருக்கிறார்: பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுத்த கைட்டோசானைத் திராட்சை மது தயாரிப்பில் பயன்படுத்த 2009-ல் சர்வதேச திராட்சை மது அமைப்பு இசைந்தது. அதில் ஓட்டுமீன் ஒவ்வாமைக் கவலை இல்லை, பருவகாலமும் இல்லை. ஒவ்வாமை கேள்வி எழும் இடங்களில் ஓட்டுக் கைட்டோசான் தோற்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு

இறால் ஓடும் தலையும் தினமும் புதிதாக வருகின்றன, தீவனம் வாங்குபவர் பக்கத்தில் இருக்கிறார், மலிவான சர்க்கரை மூலமும் உண்டு என்றால் நான் நொதித்தலில் தொடங்கி அமிலத்தில் முடிப்பேன். இரண்டில் ஒன்று என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். சுண்ணாம்பில் ஐந்தில் நான்கு பங்கை நொதித்தல் எடுத்துவிட்டதாக வைத்தால், மேலே சொன்ன 219 கிராம் அமிலத் தேவை 44 கிராமாக இறங்கும். மெல்லிய காஸ்டிக்கில் ஒரு கழுவல் கொடுத்தால் மிஞ்சிய புரதமும் போய்விடும். சரக்கின் தரம் ரசாயன வழிக்குப் பக்கத்தில் வந்துவிடும், திரவத்தில் விற்கத்தக்க பொருளும் இருக்கும்.

நண்டு ஓடு மட்டும்தான் என்றால் அமில வழிதான், கால்சியம் குளோரைடு நீரை வாங்க ஆள் இருந்தால். இல்லாவிட்டால் நன்றாக உலர்த்தி, நொறுக்கி, கழிவுநீர் வசதி உள்ள வேறு ஆலைக்கு விற்பது மேல். அதையும் வாங்க ஆள் இல்லையா, மண்ணுக்குக் கொடுக்கலாம். அங்கே சுண்ணாம்பும் நைட்ரஜனும் பயன்படும். மண்ணில் கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். நூற்புழுவின் முட்டைகளைச் சுற்றியும் கைட்டின் இருப்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தவும் இது உதவும்.

இயந்திரம் வாங்குவதற்கு முன் சின்ன அளவில் எடுத்த கைட்டோசானில் ஒரு சிட்டிகையை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டு இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் தெளிந்த, பிசுபிசுப்பான திரவமாக இருந்தால் அடுத்து வாங்குகிறவரிடம் மாதிரியை அனுப்பலாம். வீங்கிய துகள்கள் மிதந்தால் அசிட்டைல் நீக்கம் போதவில்லை. இன்னொரு பங்கை எரித்துச் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். எடை ஒரு சதவீதத்துக்கு மேல் வந்தால் சுண்ணாம்பு நீக்கும் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.